பின்சுவர் மண்

கார்த்திகையில் ஒரு ராத்திரி
மலை எங்கள் குசினிக்குள் வந்தது.
பின்சுவரை மடக்கி, அடுப்பை மூடி,
தேங்காய்த் துருவியின் பல்லை மட்டும்
வெளியே நீட்டவிட்டு நின்றது.
நாலுபேரும் முன்காம்பராவில் படுத்திருந்தோம்,
அதனால் இதைச் சொல்ல ஆளிருக்கிறது.

தையில் சுவர் எழும்பியது.
வழித்துக் கொட்டிய மண் கோடியில் கிடந்தது.
'டிராக்டர் வரும்' என்றார்கள் ஆபீசில்.
வந்துகொண்டே இருக்கிறது.

இருபத்தொரு வருசம் கொழுந்தெடுத்த கை.
முற்றல் எது பிஞ்சு எது என்று
நகம் சொல்லிவிடும்.
ஆனால் தின்கிற ஒன்றை
விதையிலிருந்து வளர்த்தவள் இல்லை நான்.
மற்றவர்கள் வாசலில் லீக்ஸ் நின்றது, போஞ்சி நின்றது.
என் வாசல் முழுக்கப் பாறை;
துணி காயப்போட நல்ல பாறை.

ஃபெக்டரியில் பழைய வாட்டுத்தொட்டியைப் பிரித்தபோது
விறகு விலைக்குப் பலகை எடுத்தேன்.
மோந்தால் இன்னமும் பச்சைக்கொழுந்து வாசம்.
கொழும்பிலிருந்து அவர் போனில் அளவு சொன்னார்.
எனக்கெதற்கு அளவு?
செடிக்குள் எட்டிப் பறிக்கிற தூரம்,
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
அவ்வளவுதான் பெட்டியின் அகலம்.

உரச்சாக்கில் மண் சுமந்தேன்.
சலிக்கச் சலிக்க
ஒரு கரண்டி, ஒற்றைச் செருப்பு,
நிரோஜினியின் கொம்பாஸ் பெட்டி,
அதற்குள் காயாத பென்சில்.
மஞ்சள் மண், வெறும்வயிற்று மண்.
மாட்டெரு கொடுத்தேன், சாம்பல் கொடுத்தேன்,
தேயிலைக் கழிவும் கொடுத்தேன்.
பெரிய பிள்ளைக்குக்கூட
இப்படி ஊட்டியதில்லை.

கணக்கப்பிள்ளை குடையோடு வந்தார்.
'யாரைக் கேட்டு நெலத்துல கைய வச்ச?'
'நெலத்தத் தொடலைங்க. பாறை மேல பெட்டி.'
'மண்ணு?'
'அது தானா வீட்டுக்கு வந்துச்சுங்க.'
கொப்பியைத் திறந்தார்.
எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

பைக்கற்றில் சிங்களத்தில் இருந்ததை
மகள் வாசித்தாள்: அரைச் சென்ரிமீட்டர்.
நான் விரல் முழுக்க இறக்கிவிட்டிருந்தேன்.
பதினெட்டு நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் பைக்கற்றைக் கந்தப்பளை மழை
ஒரே மத்தியானத்தில் மூலைக்கு ஒதுக்கியது.
மூன்றாவதற்குச் சாக்கு போர்த்தி
தினம் காலையில் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

முளைத்தது. முடிமுடியாக, நெருக்கமாக.
'பாதியைப் பிடுங்கணும்மா, அப்பதான் பருக்கும்'
என்றாள், அதையும் வாசித்து.
கை போகவில்லை.
பத்துக்குப் பன்னிரண்டில் ஏழு பேர் வளர்ந்தவள் நான்.
எதைப் பிடுங்க?
இருக்கட்டும், இருந்துகொள்ளும் என்று விட்டேன்.

ஒரு ராத்திரி ஓடு அதிர மழை.
டோர்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு ஓடினேன்.
பலகை இடுக்கால் கலங்கல் கசிந்தது,
சாக்கை இழுத்துக் கட்டினேன்.
நனைந்து நிற்கும்போதுதான் உறைத்தது:
பின்சுவரில் இன்றைக்குக் காது வைக்கவில்லை.
கார்த்திகைக்குப் பிறகு
மழை வந்தால் முதலில் செய்வது அதைத்தானே.
உள்ளே போய் வைத்தேன்.
தண்ணீர்ச் சத்தம் மட்டும்.
இருந்தாலும் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கரட் வந்தது.
பாதி சுண்டுவிரல்;
ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்தது இரண்டு;
கல் தட்டி இரண்டு காலாய்ப் பிரிந்தது ஒன்று,
அதற்குக் களிசான் போட்டுப் படம் வரைந்தாள் சின்னவள்.
நெருக்கத்தில் வளர்ந்தது எப்படி வருமென்று
எனக்குத் தெரியாமலா இருந்தது?

தேங்காய் துருவிப் போட்டு வறுத்தேன்.
அதே துருவி.
எங்கோ ஒரு பல்லில் 'கடக்' என்றது மண்.
'நல்லாக் கழுவலியாம்மா' என்றவள்
இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டாள்.

கோடியில் மண் இன்னும் கிடக்கிறது,
ஆறேழு பெட்டிக்குக் காணும்.
பலகைதான் இல்லை.
அடுத்த தடவை பிடுங்குவேன், பாதியை.
டிராக்டர் வந்தால்
நாளைக்கு வரச்சொல்ல வேண்டும்.